வாத்து என்று பேர் வைத்தவளுக்கு

இன்று காலை சீவலப்பேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அறுப்பு முடிந்த வயலின் சேற்று வாடையும் வாத்து வாடையும் சேர்ந்து உள்ளே வந்தன. பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரே ஆய்வகத்தில் உனக்கு நுண்ணோக்கி, எனக்குக் கணினி. உடம்பில் கோடு ஓடும் சின்ன வரிமீனின் முட்டைக்குள் கரு உருவாகும் முதல் நாட்களிலேயே ஒரு கூட்டம் செல்கள் தலைப்பக்கத்திலிருந்து வால்வரை ஊர்ந்து போவதை நீ படம் பிடித்தாய். ஒரு ரசாயனத்தை மோப்பம் பிடித்துத்தான் போகின்றன என்று தெரியும். ஆனால் வழிநெடுக அந்த ரசாயனம் ஒரே அளவில்தான் இருந்தது. எங்கும் ஒரே மணம் என்றால் எந்தப் பக்கம் போவது? உன் படத்தில் ஜோராக நடந்த செல்கள், கணினியில் நான் போட்ட கணக்கில் நின்ற இடத்திலேயே நடுங்கின. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உன் ஆய்வேட்டை ஏற்க முடியாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அத்தனை வருட உழைப்பு.

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதாக்கும்?" என்றாய்.

"என் கணக்கு பொய் சொல்லாது" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு நீயே வந்து, "ஏளா, அம்மா தேங்காப்பால் ஊத்திச் சொதி வச்சிருக்கா, வா" என்று உன் ஊருக்கு இழுத்துப் போனாய். வழியில் பஸ் நின்றது. வயலில் பெரிய வாத்துக் கூட்டம். மேய்ப்பவர் வரப்பில் குடைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் மட்டும் ஒரே திசையில் நகர்ந்தது.

"ஏட்டி, அங்கன பாரு. வயலு பூராவும் நெல்லு ஒண்ணுபோலத்தான் சிந்திக் கெடக்கு. அதுவ ஏன் முன்னாலயே போவுது?"

"பொறத்தால உள்ளதைத் தின்னு தீத்தாச்சுல்லா? பெறவு எங்க போவும்?" என்றேன் வெடுக்கென்று.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் தொடையில் நீ அடித்த அடியை மறக்கவே மாட்டேன். செல்களும் போகிற வழியில் ரசாயனத்தைத் தின்கின்றன! பின்னால் தீர்கிறது, முன்னால் மிச்சமிருக்கிறது. ஆய்வகம் திரும்பி அதை ஒரு வரியாகச் சமன்பாட்டில் சேர்த்ததும், உன் படத்தில் உள்ளபடியே திரையில் செல்கள் நடந்தன. நீ அழுதாய். நானும்தான்.

கணினி நிரலில் அந்தச் செல்களுக்கு ஆங்கில எழுத்தில் 'வாத்து' என்று பேர் வைத்தாய்.

"நாலு பேர் பாத்தா சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். பேரை மாத்துனே, கொன்னுருவேன்."

மாற்றவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு எத்தனையோ பேர் சொல்லியும் மாற்றவில்லை. நீ இல்லாதது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இன்று சந்தோஷமாகத்தான் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். சொதி வைத்திருப்பதாகப் போனில் சொன்னார்கள்.

அவர்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நம் நிரலை எடுத்துத் தன் ஆய்வுக்குப் பயன்படுத்துகிற யாரோ ஒருத்தி, கடல் கடந்த ஊரிலிருந்து நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். 'வாத்து' என்பது எந்த விஞ்ஞானியின் பேர் என்று கேட்டிருந்தாள்.

உன் பேரை எழுதி அனுப்பிவிட்டேன்.