பொன்னாடையில் பால் வாசனை

அண்ணி,

இன்று காலை பீரோவைக் குடைந்தபோது அந்தப் பொன்னாடை அகப்பட்டது. ஒரு மூலையில் தீய்ந்த ஓட்டை. மற்றபடி முழுக்கக் காய்ச்சிய பாலின் வாசனை. ஏழு கடல் நீரில் அலசினாலும் போகாது.

திருப்போரூர் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் கூடும் நம் தத்துவ சபைதான் பிரபஞ்சத்தின் தலைமையகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐந்து ஆண்கள், தலைவர் அண்ணன். பஜ்ஜியும் தேநீரும் உங்கள் இலாகா. ஒரு ஞாயிறு நான், "தன்னை மறப்பதே ஞானம்!" என்று முழங்கியதில், காலங்காலமாக அசையாத மாமல்லபுரத்து உருண்டைப் பாறை இரண்டடி நகர்ந்தது. என்ன, யாரும் பார்க்கவில்லை.

தட்டோடு வந்த நீங்கள் நிலைப்படியில் நின்றீர்கள்.

"இன்னா தம்பி, எல்லாரும் தன்ன மறந்துட்டா அடுப்புல கீற பால யாரு பாக்கறது? நீ மறக்கணும்னா ஒருத்தி நெனப்பா இருக்கணும்ல?"

"பஜ்ஜி ஆறுது, வெச்சிட்டுப் போ" என்று அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, திருடினேன். அடுத்த மாதம் செங்கல்பட்டுக் கூட்டத்தில், "ஒருவரின் ஞானம் இன்னொருவரின் கவனத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது" என்று உங்கள் பாலையே சுண்டக் காய்ச்சி என் பெயரில் ஊற்றினேன். கைதட்டிய சத்தத்தில் வேடந்தாங்கல் பறவைகள் பாதி, வந்த நாட்டுக்கே திரும்பிவிட்டன. பொன்னாடை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். துணியைத் தடவிப் பார்த்தீர்கள். "நல்லாத்தான் கீது. என் பாலுக்குக் குடுத்ததுதானே? இங்க குடு" என்று வாங்கி, கொதிக்கிற பாத்திரத்தை அதாலேயே பிடித்து இறக்கினீர்கள். பிறகு திரும்பாமலே, "அடுத்த வாட்டி எம் பேரையும் சொல்லு தம்பி. கேக்க எனக்கும் ஆசையா இருக்காதா?" என்றீர்கள்.

அடுத்த வாட்டி, அடுத்த வாட்டி என்றே பதினோரு வருஷம் போயிற்று. நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போது சபை ஒரு சிறப்பு மலர் அச்சிடுகிறது. செங்கல்பட்டில் கைதட்டல் வாங்கிய அந்த வரி என் பெயரோடு அச்சுக்குப் போக இருந்தது. போன ஞாயிறு எழுந்து நின்று திருட்டை ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் யோசித்தார். "சரிடா, நன்றிப் பக்கத்துல அவ பேரப் போட்டுடலாம். தேநீர் உபயம்னு."

"டீக்கு இல்லண்ணா, தத்துவத்துக்கு."

"தத்துவப் பக்கத்துல பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லியேடா."

"அதத்தாண்ணா நானும் சொல்றேன்."

அண்ணன் பேனாவை எடுத்து என் பெயரை அடித்துவிட்டு, உங்கள் பெயரை முழுசாக எழுதினார்.

இன்றும் ஞாயிறு. கூடத்தில் நால்வரும் தங்களை மறந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் இலாகா இப்போது என்னிடம். சமையல் மேடையில் காகிதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாலின் மேல் ஒரு கண், மடலின் மேல் ஒரு கண், மூவுலகிலும் இப்படியொரு வித்தகன் உண்டா என்று எழுதப் போன நொடியில் பொங்கி வழிந்துவிட்டது, அண்ணி.

உங்கள் பொன்னாடையால்தான் பிடித்து இறக்கினேன்.