பனி மேல ஒரு பிராது

விருத்தாசலம்
20-1-2008

அன்பு மகன் ராஜ்மோகனுக்கு அம்மா எழுதறது. பழமலைநாதர் புண்ணியத்துல நானும் ஒங்கப்பாவும் நல்லா இருக்கறோம், கனடா பனியில நீ கை கால் வெறைக்காம இருக்கணும்னு வெளக்கேத்தி வேண்டிக்கிட்டுத்தான் பேனாவ எடுக்கறேன். ஒங்கப்பா பீங்கான் சூளையில வெந்து சட்டையெல்லாம் உப்பு பூத்து வராரு, நீ அங்க ரோட்டுல உப்பு கொட்டுனாத்தான் வழுக்காம நடக்க முடியுதுங்கற.

ஒதட்டுல வெண்ணெ தடவு, ரெண்டு சாக்ஸு போடு, சுக்குத்தண்ணி குடின்னு எழுதலாம்னுதான் ஒக்காந்தேன், ஆனா நான் எதச் சொன்னாலும் அத சாதிகா அம்மா ஏற்கனவே செஞ்சிட்டாங்கங்கற. நீ வாடகைக்கு இருக்கற வூட்டுக்காரம்மா நல்லவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்களும் மங்கலம்பேட்டைதான, பஸ்ஸு ஏறி ஒரு கண்ணு அசர்றதுக்குள்ள வந்துடற ஊரு, நம்ம வெயில்ல வளந்தவங்களுக்கு பனியப் பத்தி மட்டும் எப்படி இவ்வளவு தெரிஞ்சிச்சி. கஞ்சி காச்சிக் குடுக்கறாங்க, நீயும் வாய் நெறய அம்மாங்கற, அதயெல்லாம் பொறுத்துக்கிட்டேன். போன ஞாயித்துக்கெழம போன்ல, நீ அனுப்புன குல்லாவுல காத்து உள்ள வருதும்மா, சாதிகா அம்மா ரோமம் வச்ச குல்லா குடுத்தாங்கன்னியே, அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல. பஸ் ஸ்டாண்டாண்ட நேபாளக்காரங்க கடையில ஒவ்வொண்ணா என் தலையிலயே போட்டுப் பாத்து வாங்குனது அது.

மனசு ஆறாம செவ்வாக்கெழம கொளஞ்சியப்பர் கோயிலுக்கு பிராது கட்டப் போயிட்டேன். கெடுதல் செஞ்சவங்க பேர எழுதி முருகன்கிட்ட வச்சி வேல்ல கட்டறது ஒனக்குத் தெரியாததா. எழுதறவரு யாரு மேலன்னாரு, சாதிகான்னேன். என்ன செஞ்சாங்கன்னாரு. என் புள்ளைக்கு வேளாவேளைக்கி கஞ்சி குடுத்து, குளிராம குல்லா போட்டு வுடறாங்கன்னேன். அவரு பேனாவ கீழ வச்சிட்டு, ஏம்மா இதுக்கா பிராது, அவங்க பேருல ஒரு அர்ச்சன பண்ணிட்டுப் போம்மான்னாரு, பின்னாடி நின்னவங்க கொல்லுன்னு சிரிக்கறாங்க. வந்தது வந்துட்டு வெறுங்கையோட திரும்பறதா, அப்ப பனி மேல எழுதுங்கன்னுட்டேன். என் புள்ளைய வெறைக்க வைக்கிது, என்கிட்டருந்து பிரிக்கிதுன்னு எழுதிக் கட்டிட்டுத்தான் வந்தேன். அவங்களுக்கு அர்ச்சனையும் பண்ணேன். ஐயரு நட்சத்திரம் கேட்டாரு, எனக்கு என்ன தெரியும், என் நட்சத்திரத்தையே சொல்லிட்டேன்.

பனி கரைஞ்சதும் கோயிலுக்குப் போயி பிராத வாபஸ் வாங்கறேன்னு ராஜினாமா எழுதிக் குடுக்கணும், இல்லன்னா சாமி குத்தம். அதுக்கு நீ நேர்ல வந்தாவணும், தபால்ல எல்லாம் அனுப்ப முடியாது. வரப்ப சாதிகா அம்மாவயும் கூட்டியா, நம்ம வூட்ல ஒரு வேள சாப்புடட்டும், ஒனக்கு கஞ்சியில என்ன போட்டா புடிக்கும்னு நானே அவங்களுக்கு சொல்லித் தரேன்.

கொளஞ்சியப்பர் ஒன் தலமாட்டுல காவலா நிக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாத, அவங்க குல்லாவுக்கு உள்ள என் குல்லாவப் போட்டுக்க. வெளிய தெரிய வேணாம்.

இப்படிக்கு
ஒன்னப் பெத்த அம்மா
விருத்தாம்பாள்