வினோதினிக்கு நடந்தது

மரியே வாழ்க

மஞ்சக்குப்பம், கடலூர்
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் நித்யா மேரிக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் அப்பாவும் தம்பி டோனியும் சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம். நீ அங்க நல்லா இருக்கியான்னு வழக்கத்துக்குக் கேக்கல கண்ணு, நெசமாவே தெரிஞ்சிக்கணும்னு கேக்குறேன், அதுக்குத்தான் இந்தக் கடுதாசியே. போன்ல பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், இந்தக் காலத்துல அம்மா எதுக்குப் பேப்பர் பேனாவைத் தூக்குனாங்கன்னு நெனைப்ப. நீ எப்பப் பேசுனாலும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுற. பக்கத்துல அந்தக் கேம்ப் மேடம் செருமுற சத்தம் கூட இங்க கேக்குது. அவுங்களும் மெட்ராஸ்காரங்க, நாம பேசுற ஒரு வார்த்தை அவுங்களுக்குத் தப்பாது. அதான் நம்ம தெரு செபாஸ்டின் மாமா பொண்ணு ஆரோக்கிய அனிதா கையில இதைக் குடுத்து அனுப்புறேன். அது ஜெர்மனியில நர்ஸா இருக்குதே, திருவிழாவுக்கு லீவு போட்டு வந்துச்சு, நாளைக்கு வெள்ளிக்கிழமை திரும்பிப் போவுது. அது இருக்கிற ஊருல இருந்து நீ கேம்ப்புக்குப் போயிருக்கிற செக் நாட்டுக்கு ரயில்லயே வந்துடலாமாம். அனிதாவைத் தவிர வேற யாரு கையில இருந்தும் இந்தக் கடுதாசி உனக்கு வராது.

கடை நல்லாத்தான் ஓடுது. ஸ்டேடியத்துல ஓட வர்ற பசங்க காலையில நம்ம கடையிலதான் டிபன் சாப்பிடுறாங்க, சட்னி அரைச்சு மாள மாட்டேங்குது. அப்பா நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டப் போறாரு, அரவை நேரம், சர்க்கரை மில்லு வாசல்ல ராவும் பகலுமா வண்டியிலயே கெடக்குறாரு, முட்டிக்கால் வலிக்குதுன்னு சொன்னா தைலம் தேச்சி விடுறேன். டோனி செல்போன் கடை வேலைக்கு ஒழுங்காப் போறான். கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா தேருக்கு எல்லாரும் போயிட்டு வந்தோம், மங்கலம்பேட்டை தாண்டுனதுல இருந்து ஜனம் ரோட்டை அடைச்சிக்கிட்டு நடக்குது. உன் பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்தி, பிப்ரவரியில நடக்கிற பெரிய இன்டோர் ஹைஜம்ப் போட்டியில எம் பொண்ணு மெடல் வாங்கணும்னு வேண்டிக்கிட்டேன். இப்ப அந்த வேண்டுதலை மாத்திக்கிட்டேன். ஏன்னு சொல்றேன், பதறாம படி.

திருவிழா முடிஞ்சி வந்த அந்த வாரமே உங்க கோச்சு பாலகுமார் சார் கடைக்கு வந்தாரு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவரு இன்னும் திரும்பலன்னு உனக்கே தெரியும். தோசை கேட்டாரு, சட்னி ரெண்டு தடவை வாங்கிக்கிட்டாரு, சாப்பிட்டுக்கிட்டே சாதாரணமா சொன்னாரு, சிதம்பரம் கிரவுண்டுல வினோதினிக்கு லேசா கால் பிசகிடுச்சு, ஆஸ்பத்திரியில இருக்குது, நித்யாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, போட்டி முடியட்டும், இப்ப மனசு கலைஞ்சா அது கம்பைத் தட்டிடும், இத்தனை வருஷத்துப் பாடு வீணாப் போயிடும்னாரு. அப்பா சரிங்க சார்னு தலையாட்டிட்டாரு. லேசா பிசகுன காலுக்கு ஆஸ்பத்திரியில எதுக்கு சார் வச்சிருக்காங்கன்னு நான் கேட்டேன். அவரு கையைத் தொடச்சிக்கிட்டே சிரிச்சாரு, அம்மாங்களுக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்னாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. நீயும் வினோதினியும் ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு ஒண்ணா குதிச்சவங்க, அது நம்ம வீட்டுல எத்தனை நாளு படுத்து எழுந்திருக்குது, போயி பாக்காம எப்படி இருக்கிறதுன்னு மறுநாளே கடையை டோனிகிட்ட விட்டுட்டு, இடியாப்பமும் தேங்காப்பாலும் எடுத்துக்கிட்டு சிதம்பரம் பஸ் ஏறிட்டேன்.

வார்டுக்கு வெளிய அவுங்க அம்மா லோகநாயகி உக்காந்திருந்தாங்க. கிள்ளையில அறுப்பை அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்காங்க, சேத்துக் கறை கூட போகல பொடவையில. என் கையைப் பிடிச்சவங்க விடவே இல்ல. பிசகும் இல்ல ஒண்ணும் இல்ல நித்யா. அந்தப் பொண்ணு எப்பவும் போல வளைஞ்சி ஓடி வந்து குதிக்கிற காலை ஊனியிருக்குது, ஒடம்பு மேல எழும்புறதுக்கு முன்னாடியே கீழ்க்காலு முறிஞ்சி போச்சு. கரும்பை முட்டியில வச்சி ஒடிக்கிற மாதிரி சத்தமாம், கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் குண்டு எறிஞ்சிக்கிட்டிருந்த பசங்களே திரும்பிப் பாத்திருக்காங்க. பாதி ஒடம்பு மெத்தையில, பாதி தரையில கெடந்திருக்குது. கம்பு மட்டும் அசையாம மேலயே இருந்துச்சாம். அந்தம்மா இதைச் சொல்றப்ப அழல, அழுது முடிச்சிட்டாங்க போல, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டுச் சொன்னாங்க.

ஆபரேஷன் பண்ணி உள்ள கம்பி வச்சிருக்காங்க. ஓடி வந்து கால் வச்சதுக்கெல்லாம் இந்த வயசுல எலும்பு முறியாதேன்னு அந்தப் பெரிய டாக்டருக்கே சந்தேகம் வந்து வேற வேற டெஸ்ட் எடுத்திருக்காரு. அறுவது வயசுப் பொம்பளைக்கு இருக்கிற மாதிரி எலும்பு மெலிஞ்சி கெடக்குதாம். முன்னாடியே மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்குது, அதோடதான் மாத்திரையைப் போட்டுக்கிட்டு இத்தனை நாளா குதிச்சிருக்குது. அப்புறம் ஒரு லேடி டாக்டரு வந்து லோகநாயகியை வெளிய கூப்பிட்டு, பொண்ணுக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதான்னு கேட்டிருக்காங்க. இவுங்களுக்கு என்ன தெரியும், ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணு. அந்தப் பொண்ணையே கேட்டதுக்குச் சொல்லுச்சாம், போன பொங்கலுக்கும் முன்னாடியே நின்னு போச்சுன்னு. சார்கிட்ட சொன்னதுக்கு, நல்லதுதான், ஒடம்பு லேசாயிடுச்சுன்னு அர்த்தம், பெரிய ஜம்பருங்க எல்லாருக்கும் அப்படித்தான்னு சொன்னாராம். தெனம் விடிஞ்சதும் தராசுல ஏத்துவாராம், கொஞ்சம் ஏறியிருந்தா அன்னைக்கு முழுக்க வெள்ளரிக்காயும் முட்டை வெள்ளையும்தானாம். சோத்துக்கும் கால் முறியுறதுக்கும் என்னம்மா சம்பந்தம்னு லோகநாயகி கேட்டிருக்காங்க. வயித்துக்குப் போடாம ஓட வச்சா ஒடம்பு மொதல்ல மாசக்கணக்கை நிறுத்திடும், அப்புறம் எலும்பைத் தின்ன ஆரம்பிச்சிடும்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்களாம்.

உள்ள போயி பாத்தேன். கட்டில்ல பொண்ணு இருக்குதா துணி சுருட்டி வச்சிருக்காங்களான்னு இருந்துச்சு. ஆன்ட்டின்னு சிரிச்சிது. இடியாப்பத்தைப் பிட்டு பால் ஊத்திக் குடுத்தேன். கையில வாங்கிக்கிட்டு வாசலையே பாக்குது. சாப்பிடும்மான்னா, சார் இன்னைக்கு வருவாரா ஆன்ட்டின்னு கேக்குது. காலுக்குள்ள கம்பி வச்சி படுத்திருக்குது நித்யா, இனிமே குதிக்குமோ குதிக்காதோ தெரியல, இன்னும் அவரு பாத்துடுவாரோன்னு பயந்து சாப்பிடுது. என்னைக் கதவுகிட்ட போயி நிக்கச் சொல்லிட்டு அப்புறம்தான் வாயில வச்சிது. நான் காவல் நிக்கிற மாதிரி நின்னேன். சாப்பிட்டு முடிச்சிட்டு என்னைக் கிட்ட கூப்பிட்டு மெதுவா சொல்லுச்சு, நித்யாக்காவுக்கும் கால் வலிக்குது ஆன்ட்டி, எனக்கு மெசேஜ் போட்டுச்சு, நான் சொன்னேன்னு சார்கிட்ட சொல்லிடாதீங்க, டீம்ல இருந்து எடுத்துடுவாருன்னு. எந்த எடத்துல வலிக்குதுன்னு கேட்டேன். தன்னோட கட்டு போட்ட காலைக் காட்டிச்சு.

பஸ்ஸுல வீடு வந்து சேந்த வழியே எனக்குத் தெரியல. வந்ததும் உன் பீரோவைத் திறந்தேன், கோவிச்சிக்காத. நீ போன தடவை லீவுல வந்து தங்கியிருந்தப்ப உனக்குன்னு நாப்கின் பாக்கெட்டு வாங்கி வச்சேன் இல்ல, அது பிரிக்காம அப்படியே இருக்குது. அதைக் கையில வச்சிக்கிட்டு அங்கயே தரையில உக்காந்துட்டேன். இன்னொண்ணும் அப்பத்தான் உறைச்சிது. நீ போன் பண்றப்ப எல்லாம் இன்னைக்குக் கடையில என்னம்மா டிபன்னு கேப்ப, நான் பூரி, கிழங்கு, வடகறின்னு சொல்லுவேன், எப்படிம்மா செஞ்சீங்கன்னு கேப்ப, நான் வெங்காயம் வதக்குனதுல இருந்து சொல்லுவேன், நீ ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டே இருப்ப. ஊரு ஞாபகம் போல, பொண்ணு ஏங்குதுன்னு நான் நெனைச்சிக்கிட்டிருந்தேன். பசியிலதானே கேட்ட நீ.

டோனியை அந்தப் போன வாரத்துப் போட்டி வீடியோவை மறுபடியும் போடச் சொன்னேன். மொதல்ல பாக்கிறப்ப எல்லாம் நீ கம்பைத் தாண்டுறதை மட்டும்தான் பாத்தோம். மேல கூரை போட்ட அவ்வளவு பெரிய மண்டபம், ஜனம் எல்லாம் ஒரே தாளத்துல கை தட்டுது, எம் பொண்ணு அந்த வெள்ளைக்காரப் பொண்ணுங்களுக்கு நடுவுல பறக்குதுன்னு தெருவுக்கே காட்டுனோம். இந்தத் தடவை நான் கம்பைப் பாக்கல. ஒண்ணு எம்பத்தாறு மீட்டர் தாண்டிட்டு நீ மெத்தையில இருந்து எறங்குற எடத்தை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். எறங்குன ஒடனே கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சி, குதிக்கிற காலோட கீழ்ப்பக்கத்தைக் கட்டை விரலால அமுக்குற. நிமிந்து சிரிக்கிற. அப்புறம் உக்காந்து மறுபடியும் அதே எடத்தை அமுக்குற. கழுத்து எலும்பு ரெண்டும் தெரியுது. மேடம் வந்து என்னமோ குடுக்குறாங்க, நீ தண்ணி இல்லாம வாயில போட்டுக்கிற. வினோதினி காட்டுன எடமும் நீ அமுக்குற எடமும் ஒண்ணு.

அப்பா மொதல்ல நம்பல. பொட்டப்புள்ளைங்க சோறு குறைச்சி தின்னா காலா முறியும், நீ எதையாவது கிளப்பி விடாதன்னு கத்துனாரு. நீங்களே போயி பாருங்கன்னு சொல்லிட்டேன். டிராக்டரை மில்லு வாசல்லயே விட்டுட்டு அப்படியே சிதம்பரம் போயிட்டு வந்தாரு. வந்தவரு சட்டையைக் கூட கழட்டல. நேரா பாலகுமார் சாருக்குப் போன் போட்டு, எம் பொண்ணை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும், அதுவரைக்கும் குதிக்க விடாதீங்கன்னு கேட்டாரு. அவரு கோவப்படவே இல்லையாம், அதுதான் எனக்குப் பயமா இருக்குது. நிதானமா சொன்னாராம், நித்யா கேம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்குது, பாஸ்போர்ட்டு எல்லாம் எங்க பொறுப்புல இருக்குது, நடுவுல யாராவது குறுக்க வந்தா அதுக்கப்புறம் உங்க பொண்ணு எந்த மைதானத்துலயும் காலு வைக்க முடியாதுன்னு.

இவ்வளவும் எழுதிட்டு அடுப்பைப் பாக்க எழுந்து போனேன். அதுக்குள்ள டோனி வந்து சொல்றான், அடுத்த வாரம் கிளம்புறதா இருந்த பாலகுமார் சாரு டிக்கெட்டை மாத்திட்டாராம், இந்த ஞாயித்துக்கிழமையே வர்றாராம். எதுக்கு இந்த அவசரம்னு எனக்குத் தெரியும். அனிதா அவருக்கு முன்னாடி வந்து சேந்துடும், ஆனா இடையில ஜாஸ்தி நேரம் இல்ல, அதனால நான் சொல்றதைக் கேளு. நீ காலையில பிராக்டீஸ் முடிச்சி அந்த மண்டபத்தை விட்டு வெளிய வர்றப்ப அனிதா வாசல்ல நிக்கும். இந்தக் கடுதாசியை அங்கயே நின்னு படி, படிச்சிட்டு அது கூட போயிடு. பையை எடுக்கணும், மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரூமுக்குத் திரும்பாத. அனிதா தான் வேலை பாக்குற ஊருல ஒரு டாக்டரம்மாகிட்ட பேசி வச்சிருக்குது, எலும்புக்கும் ரத்தத்துக்கும் என்னென்ன பாக்கணுமோ பாத்துடலாம்னுது. பாஸ்போர்ட்டு அவுங்ககிட்டயே இருந்தா இருக்கட்டும், அதுக்கு நம்ம எம்பசியில யாரைப் பாக்கணும்னும் கேட்டு வச்சிருக்குது. அதுவரைக்கும் ஒரு தடவை கூட குதிக்காத கண்ணு. இன்னும் ஒரே ஒரு ஜம்ப்புதான்னு அவுங்க சொல்லுவாங்க, வினோதினிகிட்டயும் அன்னைக்கு அதைத்தான் சொல்லியிருக்காங்க.

குதிக்கிறதை விட்டுடுன்னு அம்மா சொல்லல. நீ சின்னதுல இருந்து ஆசைப்பட்டது, அதைப் பிடுங்குறதுக்கு நான் யாரு. டாக்டரு பாத்து, உன் காலு நல்லா இருக்குதுன்னு சொன்னா நீ எந்த ஊருல வேணும்னாலும் குதி, நான் கை தட்டுறேன். நான் நெனைக்கிறது தப்பா இருந்து, போட்டி போயி, நீ என்னோட ஆயுசுக்கும் பேசாம இருந்தாலும் பரவால்ல, தாங்கிக்குவேன். அந்த இன்னொண்ணைத்தான் என்னால தாங்க முடியாது. அப்பா இதைப் படிச்சிப் பாத்தாரு. ஏதாவது எழுதுறீங்களான்னு கேட்டதுக்கு, வரச் சொல்லு, அதைத் தவிர எழுதுறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

பெரியநாயகி மாதா உனக்கு முன்னாலயும் பின்னாலயும் நடந்து வரட்டும். உன் நெத்தியில அப்பாவும் நானும் சிலுவை போட்டதா நெனைச்சிக்க. அனிதா ஊருக்குப் போயி சேந்ததும் அது போன்ல எனக்குப் பண்ணு, கடையில ஸ்டேடியத்து ஆளுங்க இருப்பாங்க, அதனால இதைப் பத்தி நான் எதுவும் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத. கடையில என்ன டிபன்னு மட்டும் கேளு, நான் எப்பவும் போல சொல்லுவேன். படிச்சி முடிச்சதும் இந்தக் கடுதாசியை அனிதாகிட்டயே திருப்பிக் குடுத்துடு, சட்டைப் பையில கூட வச்சிக்காத.

இப்படிக்கு,
உன் அம்மா
அமலோற்பவம்