இருபத்திரண்டாம் தேதிக்குள்

ஐயம்பேட்டை,
2.1.2025

அன்புள்ள நாமகிரி மேடம்,

தொண்டைக்கட்டு தேவலையா? இன்று காலை பிரேயரில் உங்கள் குரலே எழும்பவில்லை. தாளாளர் என்றால் ஓய்வே கூடாதா என்ன?

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வு எழுதியிருந்தேன் அல்லவா, தேறிவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கையில் இருந்தாக வேண்டும். நம் பள்ளியில் சேர்ந்தபோது உங்களிடம் ஒப்படைத்த சான்றிதழ்களைத் தயவுசெய்து தாருங்கள். ராஜினாமாக் கடிதமும் இதோடு இருக்கிறது, ஜனவரி முடிய. பத்தாம் வகுப்பை அம்போவென்று விட்டுவிட மாட்டேன். பொதுத்தேர்வு வரை சனி, ஞாயிறுகளில் வந்து கணக்கு நடத்தித் தருகிறேன்.

எங்கும் வேலை கிடைக்காமல் அலைந்தவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தவர் நீங்கள். நல்ல மனதோடு அனுப்பிவையுங்கள்.

உங்கள் மகள் மாதிரி,
ஏஞ்சல்


சின்ன காஞ்சிபுரம்,
6.1.2025

சௌபாக்கியவதி ஏஞ்சலுக்கு அநேக ஆசீர்வாதம்.

நீ தேறியதில் எனக்குத்தான் முதல் சந்தோஷம். ஆனால் ஜனவரியில் எவளாவது பத்தாம் வகுப்பை விட்டுப் போவாளா? பந்தியில் இலை போட்டபிறகு சமையல்காரர் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. உன் ராஜினாமாவை நான் வாங்கியதாகவே நினைக்கவில்லை.

சான்றிதழுக்கு என்ன அவசரம்? இராப்பத்து உற்சவம் வருகிறது, நான் கோயிலும் வீடுமாக இருப்பேன். முடியட்டும், பார்க்கலாம். பொங்கலுக்கு உன் அகமுடையான் கிறிஸ்டோபரையும் அழைத்துக்கொண்டு வா.

உன் நலம் நாடும்,
நாமகிரி


ஐயம்பேட்டை,
9.1.2025

அன்புள்ள மேடம்,

'பார்க்கலாம்' என்று எழுதிவிட்டீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வருடம் காத்திருந்து வந்த வேலை இது. அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் கிறிஸ்டோபருக்கு ஒப்பந்தம் முடிந்து மூன்று மாதமாகிறது. உங்களிடம் சொல்லவில்லை, இரக்கம் தேடுகிற மாதிரி ஆகிவிடும் என்று.

"இன்னா ஏஞ்சல், நம்ம பேப்பருக்கு நம்மளே கெஞ்சிக்கினு இருக்கணுமா? நான் போய் கேக்குறேன்" என்று குதிக்கிறார். நான்தான் பிடித்துவைத்திருக்கிறேன். அவர் வந்தால் வார்த்தை தடிக்கும். உங்களோடு ஒரு சின்ன மனவருத்தம்கூட எனக்கு வேண்டாம். பீரோவைத் திறந்தால் பத்து நிமிட வேலை மேடம்.

ஏஞ்சல்


ஐயம்பேட்டை,
16.1.2025

மேடம்,

பதில் இல்லை. பொங்கலன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன், கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பும்போது பேருந்து நிலையத்தில் நம் பள்ளி ஆயாம்மா அம்சா அக்காவைப் பார்த்தேன். "பீரோல உன் ஃபைல் இல்லமா. போன மாசமே மேடத்தோட அண்ணன் கார்ல எடுத்துக்கினு போய்ட்டாரு" என்கிறார்.

அவர் ஏதோ தவறாகப் பார்த்துவிட்டார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஏஞ்சல்


சின்ன காஞ்சிபுரம்,
18.1.2025

ஏஞ்சல்,

அம்சா சொன்னது நிஜம். திருமுக்கூடல் பக்கம் அண்ணா ஸௌந்தரராஜன் நடத்தும் பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டும். அங்கே கணக்குக்குத் தகுதியான ஆள் இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் உன்னை அங்கே வேலை பார்ப்பவளாகக் காட்டப்போகிறார். உன்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன். நீ மறுக்கமாட்டாய் என்ற தைரியம்.

ஆய்வு இருபத்தொன்றாம் தேதி. அன்று சாயங்காலமே வாங்கி உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். பெருமாள் மேல் ஆணை. வெளியே சொல்லிவிடாதே அம்மா.

நாமகிரி


ஐயம்பேட்டை,
20.1.2025

மேடம்,

சொல்லமாட்டேன். என் பெயர் அங்கே இருக்கட்டும், பத்து வருடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்குக் கோபம்கூட இல்லை, கோபப்பட நேரமில்லை. ஆய்வு தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் சரிபார்ப்பில் நிற்க வேண்டும். அண்ணாவிடம் இன்றே கேளுங்கள். ஒருநாள் மட்டும் தரட்டும், மறுநாளே நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நேரில் விழலாமென்றால் வீட்டில் நீங்கள் இல்லை என்கிறார்கள்.

ஏஞ்சல்


சின்ன காஞ்சிபுரம்,
24.1.2025

ஏஞ்சலுக்கு,

இத்துடன் உன் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன. நீ பயந்த மாதிரியே ஆய்வு நேற்றைக்குத் தள்ளிப்போய்விட்டது. இருபத்தொன்றாம் தேதி அண்ணா வீட்டுக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. எனக்கு அறுபத்தொரு வயதாகிறது, இன்றுவரை அவரிடம் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நீ கூப்பிட்டபோதெல்லாம் போன் என் மடியில்தான் இருந்தது.

உன் ராஜினாமாவை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னைப்போல் ஓர் ஆசிரியை எனக்கு இனிக் கிடைக்கமாட்டாள் என்று நற்சான்றும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை உனக்கு நிச்சயம் கிடைக்கும். என்னை வெறுத்துவிடாதே.

நாமகிரி


ஐயம்பேட்டை,
27.1.2025

தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். சான்றிதழ்கள் கிடைத்தன.

இருபத்திரண்டாம் தேதி முழுக்க ஜெராக்ஸ் காப்பிகளோடு சரிபார்ப்பு நடந்த இடத்து வராந்தாவில் நின்றேன். அங்கிருந்த அதிகாரி அம்மாள் நல்லவர். "அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குதுமா, யாரையாச்சும் எடுத்துக்கினு வரச் சொல்லு" என்றார். உங்களைப் பதினேழு முறை கூப்பிட்டேன். ஐந்து மணிக்கு என் பெயருக்கு நேரே 'அசல் இல்லை' என்று எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் மேல் புகார் எழுதச் சொல்கிறார் கிறிஸ்டோபர். எழுதினால் பள்ளிக்குப் பூட்டு விழும். பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் எழுதவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் கையெழுத்திட்ட ராஜினாமாவையும் நற்சான்றையும் திருப்பி அனுப்புகிறேன். போக இடமில்லாதவளுக்கு இரண்டும் எதற்கு? நாளை முதல் வகுப்புக்கு வருகிறேன். எதிரே பார்த்தால் வணக்கம் சொல்வேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அறைக்கு மட்டும் கூப்பிட்டு அனுப்ப வேண்டாம்.

முக்கோணவியல் இன்னும் முடியவில்லை. தினமும் மாலையில் ஒரு வகுப்பு கூடுதலாக வேண்டும். அனுமதி தரவும்.

இப்படிக்கு,
அ. ஏஞ்சல்,
கணித ஆசிரியை