மணி அடித்தபோது நான் எழவில்லை

நவம்பர் 12, 1947. புதன்.

தம்பி அந்தோணி போன தோணி கொழும்பு சேர்ந்ததாக இன்றும் தகவல் இல்லை. இன்றோடு ஒன்பது நாள்.

சாயந்தரம் கோயில் பள்ளி மண்டபத்தில் ஸ்பெயின் சாமியாரின் சங்கீதப் பேச்சு. தமிழில் எடுத்துச் சொல்ல முன்பே ஒப்புக்கொண்டிருந்ததால் போனேன். மேடையோரம் எனக்கு நாற்காலி. சின்னதும் பெரிதுமாக நாலு பிடில். வாசித்த நாலு பேரும் கொழும்பிலிருந்து கப்பலில் சுகமாக வந்து இறங்கியவர்கள்.

தங்கள் ஊர்ச் சங்கீதத்தில் கித்தாரே இல்லாத இடத்திலும் கித்தார் கேட்கும் என்றார் சாமியார். சொன்னபடியே மூன்று பேர் பிடில் வில்லை ஒதுக்கிவிட்டுத் தந்தியை விரலால் சுண்டினார்கள். பெரிய பிடில் மட்டும் அடியில் இழுத்துக்கொண்டே இருந்தது.

அப்போது கோயிலில் அந்திச் செபத்துக்கான திரிகால மணி அடித்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து செபம் சொன்னது. ஒரு வாரமாகத் தோணிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டுகிறார்கள். வாசித்தவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்து, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி பெண்டாட்டி செலின் மெதுவாகத்தான் கேட்டாள்.

“ஊரே அவுகளுக்காக எந்திச்சு நின்னுச்சு. நீங்க எந்திக்கலியே அத்தான்.”

மணி காதில் விழவில்லை என்றேன். பொய். விழுந்தது. இந்தப் பாட்டு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

செபம் முடிந்தும் பிடில்காரர்கள் விட்ட இடத்திலிருந்து வாசிக்கவில்லை. வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த அறையில் செலின் இன்னும் தூங்கவில்லை. நானும் தம்பியை நினைத்துத்தான் விழித்திருக்கிறேன் என்று எண்ணிக்கொள்வாள். எனக்கு அந்தப் பாட்டு மேலே எப்படிப் போயிருக்கும் என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.