வட்டம் போடாத தண்டவாளம்

மச்சான்,

அசாம் ஜாவா ஊர் மாமாக் கடையில் இன்று மீ கோரேங் நூடுல்ஸ் தட்டின் ஓரத்தில் பாதி வெட்டிய கஸ்தூரி எலுமிச்சை ஒன்றை வைத்திருந்தார்கள். எப்போதும் வைப்பதுதான். பிழிந்தேன். விரலில் மணம் ஏறியது, அதோடு சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் எழுந்த என்னைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாண்ணே, ஒடம்பு சரியில்லியா?"

இந்தத் தொப்பையைச் சுமக்கிறவன் தட்டில் மிச்சம் வைத்தால் ஊருக்கே கவலை வந்துவிடுகிறது. இந்நேரம் எனக்குச் சர்க்கரை முற்றிவிட்டதாக எங்கள் தாமான் வீடுகள் முழுக்கச் செய்தி போயிருக்கும். நானே பல பேரைப் பற்றி அப்படிப் பரப்பியவன்தானே, குறை சொல்ல வாயில்லை.

அந்த மணம் என்னை நேராக உன் வீட்டுக் கார் கொட்டகைக்கு இழுத்துப் போய்விட்டது. கார் வெளியே வெயிலில் காய, உள்ளே நம்முடைய ரயில் நிலையம் நிழலில் இருந்த காலம் அது.

கோலாலம்பூர் பேரங்காடி ஒன்றில் கிறிஸ்துமஸ் அலங்காரமாகக் குட்டி ரயில் ஒன்றை ஓடவிட்டிருந்தார்களே, அங்கேதான் உனக்குப் பிடித்தது பைத்தியம். உன் மனைவி துணிக்கடைக்குள் போனாள். நீ அந்தக் கயிற்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்குக் கால் வலி. உனக்கு வேறு ஏதோ வலி என்பது திரும்பி வரும் வழியில்தான் தெரிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் உன் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றி, ரயிலடிக்குக் கொண்டுபோய், சயாமில் தண்டவாளம் போட அனுப்பியிருக்கிறார்கள். உன் அப்பா அப்போது இடுப்பில் இருந்த பிள்ளை. எந்த ஸ்டேஷன் என்றுகூட அவருக்குத் தெரியாது. சாகும்வரை அவர் நினைவில் இருந்தது ஒன்றுதான்: அந்த வண்டிக்குச் சன்னலே இல்லை. ஏறின அப்பாவின் முகத்தை அதற்குமேல் பார்க்க முடியவில்லை. தாத்தா திரும்பி வரவும் இல்லை.

"அந்த ஸ்டேஷன நான் செஞ்சு பாக்கணும் மச்சான்," என்றாய்.

நீ செம்பனை எண்ணெய் ஆலையில் வயரிங் பார்த்தவன். நான் காப்புறுதி பாலிசி விற்று வாயால் பிழைத்தவன். அதே வாயால், பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் காரியத்தைக் கெடுத்துக்கொண்டு கட்டைப் பிரம்மச்சாரியாக நின்றவன். இந்த இரண்டு பேரை நம்பி யாரும் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டச் சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் கட்டினோம். பாட்டில் கழுவும் பிரஷ்களை வெட்டிப் பச்சை அடித்து, தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி வரிசை வரிசையாகச் செம்பனை நட்டோம். நாம் பிறந்து வளர்ந்து பார்த்த மரம் அதுதானே. வேலையெல்லாம் முடிந்து மார்தட்டி நின்றபோது உன் மனைவி தேத்தண்ணீரோடு வந்தாள்.

"ஏண்ணே, தாத்தா காலத்துல நம்ம தோட்டத்துல ஏது செம்பனை? ரப்பருதான?"

"பக்கத்துத் தோட்டத்துல இருந்துச்சு தங்கச்சி," என்று நான் மழுப்பினேன்.

"அப்ப அந்தத் தோட்டத்து ஆளுங்க வந்து செய்யட்டும் லா."

நீ மரங்களைப் பிடுங்க ஆரம்பித்தாய். அந்தப் பிரஷ்களில் ஒன்று இன்றும் என் குடுவையைக் கழுவிக்கொண்டிருக்கிறது.

ஆட்களாவது சுலபமாக அமைந்தார்களா? கடையில் கிடைத்ததெல்லாம் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பொம்மைகள். தொப்பியைச் சுரண்டி, கால்சட்டையை வேட்டியாக்கி, நிறத்தைக் கறுப்பாக்கி, ஒரு கூட்டத்தையே தமிழர்களாக மாற்றினோம். ஒருத்தன் கையிலிருந்த கோல்ஃப் மட்டையை நறுக்கி பால்வெட்டும் கத்தியாக்கினாய். குண்டாக ஒரு பொம்மை மிஞ்சியது. "இது நான்," என்றேன்.

"தோட்டத்துல பால்மரம் வெட்டுனவனுக்கு ஏதுடா இந்த வயிறு?"

"அப்ப கிராணியா வெச்சுக்க. ஆபீஸ்ல ஒக்காந்து பேரு எழுதுற ஆளுக்கு வயிறு இருக்கலாம்ல?"

நீ சிரித்தாய். அவனைக் கொண்டுபோய் மேடையின் கோடியில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தாய். ஏன் அப்படி என்று கேட்டேன். "ஜப்பான்காரனுக்குப் பேரு எழுதிக் குடுத்தவன் எப்படிடா மூஞ்சியப் பாப்பான்?" என்றாய்.

முதல் ஓட்டம். புதுக்காருக்குச் செய்கிறபடி சக்கரத்தில் எலுமிச்சை வைத்து நசுக்காமல் வண்டியை எடுக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தாய். எஞ்சினோ கத்தரிக்காய் அளவு. சாதாரண எலுமிச்சை வைத்தால் மலையை வைத்த மாதிரி இருந்தது. அதனால் கஸ்தூரி எலுமிச்சை. சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, விசையைத் திருகினாய். எஞ்சின் பழத்தை முழுசாக நசுக்கவில்லை. பழத்தின் மேல் ஏறியது, தயங்கியது, உருண்டு மேசையை விட்டே பாய்ந்தது. கை நீட்ட நேரமில்லை, வயிற்றை நீட்டினேன். மெத்தையில் விழுந்தது போல விழுந்தது.

"இத்தன வருசத்துல இன்னிக்குத்தான்டா அந்த வயிறு வேலைக்கு வந்துருக்கு," என்றாய். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பாதி நசுங்கிய பழத்தின் சாறு தண்டவாளத்தில் வழிந்து, துடைக்கத் துடைக்க மணத்துக்கொண்டே இருந்தது.

அன்றுதான் எனக்கு வேலை கொடுத்தாய். பலகையின் மறு கோடியில் ஒரு முக்காலி. வண்டி வந்தால் பிடிக்க வேண்டும், பிடித்துக் கையால் தூக்கிவந்து உன்னிடம் கொடுக்க வேண்டும். உன் தண்டவாளம்தான் நேர்க்கோடாயிற்றே!

"வட்டமாப் போட்டா ஆளே வேண்டாம் லா, தானா சுத்தி வந்துரும். நம்ம ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கலாம்," என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்.

ஒரு நாள் விசையை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "சுத்தி வந்து அதே ஸ்டேஷன்ல நின்னா, எங்க தாத்தா எறங்கி வந்துட்டாருன்னு ஆயிரும்டா. அவரு வரல. வண்டி போனது போனதுதான். தூக்கிட்டு வர்றது நாம. அது வேற."

இப்போது எல்லாம் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. காரியம் முடிந்த பிறகு உன் மனைவிதான் சொன்னாள்: "நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிருங்கண்ணே. அதப் பாத்தா அவரு கையக் கழுவிட்டு வந்து ஒக்காரப் போறாருன்னு இருக்கு." நான் சுங்கை ஆயர் தாவாரில் யாரிடமோ காப்புறுதியின் அருமையை அளந்துகொண்டிருந்தபோது, நீ மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். அன்றிலிருந்து அந்த வண்டி ஓடவில்லை. அனுப்புகிறவனும் பிடிக்கிறவனும் ஒரே ஆளாக எப்படி இருப்பது? பொம்மை ரயில் கடையில் கேட்டேன். வளைந்த தண்டவாளங்களைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மாட்டினால் போதும், தனி ஆள் போதும். அந்தப் பெட்டி மழைக்காலம் முழுதும் முக்காலியின் மேலேயே கிடந்தது. தனியாக இருக்கிறவன் வீட்டில் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் நல்லதுதானே என்று சாயங்காலமானால் தோன்றும். பிரித்துக்கூடப் பார்த்துவிட்டேன்.

இன்று மாமாக் கடையிலிருந்து வந்ததும் கையைக்கூடக் கழுவவில்லை. பெட்டியை எடுத்து அலமாரியின் மேல் ஏற்றினேன். முக்காலியை அதன் இடத்தில் போட்டேன். பிறகு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன், முதல் தடவையாக. விசையைத் தொட்டேன். வண்டி குதித்துக்கொண்டு கிளம்பியது. நான் எழுந்து ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சோபாவில் இடித்து, செருப்பில் தடுக்கி, நான் போய்ச் சேர்வதற்குள் அது கோடியிலிருந்து கவிழ்ந்து மெத்தையில் விழுந்தது. இந்த முறை நிஜ மெத்தை. நான்தான் போட்டு வைத்திருந்தேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

மறுபடி வைத்தேன். விசையை மயிரிழை திருகினேன். சன்னலில்லாத பெட்டிகள் நகர்கின்றனவா இல்லையா என்று தெரியாதபடி நகர்ந்தன. சுற்றிப் போய், முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, நெற்றியைத் துடைத்தும்கூட நேரம் இருந்தது. முதுகைக் காட்டி நின்ற கிராணியைத் தாண்டி, பெயர் எழுதாத ஸ்டேஷன் பலகையைத் தாண்டி, எலுமிச்சைச் சாறு பட்டுக் கறுத்த இடத்தில் ஒரு சின்ன உதறல் உதறி, அது வந்தது. எப்போதும் அந்த எஞ்சினுக்குப் பின்னால், தூரத்தில், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு உன் முகம் தெரியும். இன்று நாற்காலி தெரிந்தது.

கையை நீட்டினேன். வந்து ஏறிக்கொண்டது. கொஞ்ச தூரம்தான் ஓடுகிறது, ஆனால் அதற்குள் என்னமாய்ச் சூடாகிவிடுகிறது, மச்சான்! இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு, சோபாவைச் சுற்றி, உன் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.