மஞ்சள் கல்லும் எலுமிச்சை நீரும்

மார்ச் 3

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

போனில் பேசினால் நான் மட்டும்தான் பேசுவேன், உனக்கு ‘ம்’ கொட்டத்தான் நேரம் இருக்கும், அதனால் கடிதம் எழுது என்றாய். இதோ எழுதிவிட்டேன். இனிமேல் என்னைக் குறை சொல்லாதே.

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த அருங்காட்சியகத்தின் நிலவறையில் உட்கார்ந்து உட்கார்ந்து நீயும் ஒரு கல்லாகிவிடப் போகிறாய். நான் தையல்கடை மாடியில் அறை எடுத்து, கற்களை வைத்து வைத்தியம் செய்வது உன் காதுக்கு வந்திருக்கும். சிரிக்க வேண்டியதைச் சிரித்துவிட்டு மேலே படி. ஒரு கட்டில், ஒரு சன்னல், அலமாரி நிறையக் கற்கள். வருகிறவர்களைப் படுக்கவைத்து நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, தொப்புளுக்கு மேலே ஒன்று வைக்கிறேன். பாதிப் பேர் குறட்டை விட்டுத் தூங்கிவிடுகிறார்கள். எழுந்ததும், “இப்படித் தூங்கி ரொம்ப நாளாச்சுங்க” என்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், கல் வியாபாரி புதிதாக ஒரு மஞ்சள் கல் கொண்டுவந்தார். விசிறி மாதிரி விரிந்த ஊசிகள், வெளிச்சம் பட்டால் தேன் நிறம். “இது சூரியக் கல்லும்மா, தொப்புள் சக்கரத்துக்கு இதை விட்டா வேற கல் கிடையாது, கோழையும் சிங்கமாயிடுவான்” என்றார். பெயர் கேட்டால் மழுப்புகிறார். அதிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டை இதோடு அனுப்புகிறேன். இது என்ன கல், என்ன குணம், எல்லாம் விவரமாக எழுது.

உன்
ரேடியோ


மார்ச் 14

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன்னை என்ன செய்தால் தகும்! இப்படிப்பட்ட பொருளைப் பழைய பஞ்சில் சுற்றி அனுப்புவார்களா? உறையைப் பிரித்ததும் துளி தூளை எடுத்து எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. லெக்ராண்டைட். ஒரு சுரங்க மேலாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். இத்தனை வருட வேலையில் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கையில் தொட்டிருக்கிறேன்.

இது துத்தநாகத்தின் ஆர்சினேட். துத்தநாகத் தாது காற்றும் ஈரமும் பட்டு மாறுகிற இடத்தில், அபூர்வமாக உண்டாகும். கத்தியால் கீறினால் கோடு விழும், அவ்வளவு மென்மை. அளவுக்கு மீறிய கனம். இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? இந்தப் படிகத்தின் அமைப்பிலேயே தண்ணீர் இருக்கிறது. ஈரமாக இல்லை, கட்டடத்தில் செங்கல் மாதிரி தண்ணீரும் சேர்ந்துதான் அது நிற்கிறது. சூடு காட்டினால் பூண்டு வாசனை வரும். நீ காட்டிப் பார்க்காதே, நல்லதல்ல. தொட்டால் கையைக் கழுவிவிடு.

வியாபாரி சொன்ன கதைக்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் உன் கட்டிலில் படுக்கிறவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. கல் குளிர்ச்சியாக இருப்பதாலா, கனமாக இருப்பதாலா, அல்லது இத்தனை நாளில் யாரோ ஒருத்தி அவர்களைப் படுக்கவைத்துப் பரிவாகப் பேசியதாலா? கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். உன் மகள் சின்னவள் எப்படி இருக்கிறாள்? சித்தியை மறந்துவிட்டாளா?

அன்புடன்,
பூதக்கண்ணாடி


மார்ச் 25

என் தங்கமான பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டிவிட்டேன்! ‘அபூர்வம்’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. வருகிறவர்கள் எல்லாம் வாசிக்கிறார்கள். ஆர்சினேட் என்ற பெயரே கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: மூன்றும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பரிவாகப் பேசுவதற்கு நான் காசு வாங்க முடியுமா, கல்லுக்குத்தான் வாங்க முடியும்.

கல்லுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தண்ணீரோடு உறவுள்ள கல்லைத் தண்ணீரில் போட்டால்தானே அது பேசும்? ஒரு செம்பு நீரில் எலுமிச்சை பிழிந்து, இரவு முழுக்கக் கல்லை ஊறவைத்து, காலையில் சின்னவளுக்குக் கொடுக்கிறேன். இருப்பது ஒரே ஒரு கல். ஊருக்கெல்லாம் கொடுத்துத் தீர்க்க முடியுமா? பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான். புது வேலையில் நாலு பேர் முன்னால் பேச வேண்டியிருக்கிறதாம், பயந்து சாகிறாள். அலுவலகம் போகிற வழியில் வந்து குடித்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை இல்லை. எனக்காகக் குடிக்கிறாள்.

இரண்டு நாளாகக் குமட்டுகிறது என்கிறாள். “பூண்டே சாப்பிடல, ஆனா வாயெல்லாம் பூண்டு நாறுதுன்னு இவர் சொல்றாரும்மா” என்றாள். உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே போகிறது, பொறுத்துக்கொள் என்றேன். இன்னொரு அதிசயம் கேள்: கல்லின் ஊசி முனைகள் எல்லாம் மழுங்கிக்கொண்டே வருகின்றன. தன்னையே கொடுக்கிறது அந்தக் கல்.

உன்
ரேடியோ


மார்ச் 31

ரேடியோ,

காலையில் உன் கடிதம் வந்தது. உடனே உன்னை அழைத்தேன். வைத்திய நேரத்தில் நீ போனை அணைத்துவிடுவாய். அதனால் சின்னவளையே கூப்பிட்டு, போட்டது போட்டபடி மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். போய்விட்டாள். அங்கிருக்கும் டாக்டரிடம் நானே பேசி, என்ன கல், என்ன செய்தாய் என்பதைச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்தேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

ஆர்சினேட் என்றால் பாஷாணம் கலந்தது. தினமும் புழங்குகிற சொல் என்பதால் உனக்கும் புரியும் என்று நினைத்து எழுதிவிட்டேன். கல்லைப் பார்த்த சந்தோஷத்தில் கையைக் கழுவு என்பதோடு முடித்துக்கொண்டேன். முதல் வரியிலேயே விஷம் என்று எழுதியிருக்க வேண்டும்.

கல் வெறும் நீரில் அவ்வளவாகக் கரையாது. எலுமிச்சைப் புளிப்பில் கரையும். முனைகள் மழுங்கின என்றாயே, மழுங்கியது எங்கே போயிற்று என்று யோசித்துப் பார். அந்தச் செம்பைத் தனியாக மூடி வை. நீரைக் கீழே கொட்டாதே, டாக்டர்கள் கேட்பார்கள். சட்டம் போட்ட என் கடிதத்தை இன்றைக்கே கழற்று.

பூதக்கண்ணாடி


ஏப்ரல் 12

அன்புள்ள ரேடியோவுக்கு,

நீ போனையும் எடுக்கவில்லை, கடிதமும் இல்லை. சின்னவள் தினமும் பேசுகிறாள். நீ அறையைப் பூட்டிவிட்டதாகச் சொன்னாள். நாற்பது வருடத்தில் நீ வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. பயமாக இருக்கிறது. இரண்டு வரி திட்டியாவது எழுது.

உன்
பூதக்கண்ணாடி


ஏப்ரல் 26

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

திட்டித்தான் எழுதினேன், மூன்று கடிதம். மூன்றையும் கிழித்துவிட்டேன். என்னிடம் கேட்காமல் என் மகளிடம் எப்படிப் பேசலாம் என்று முதல் கடிதத்தில் நாலு பக்கம். கோபமெல்லாம் உன்மேல் இல்லை என்று மூன்றாவதில்தான் புரிந்தது.

சின்னவளுக்கு மறுபடியும் சோதித்தார்கள். சிறுநீரில் இருந்த விஷம் ஏறக்குறைய இறங்கிவிட்டது, நிரந்தரமாகப் பாதிப்பு எதுவும் இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டு மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். கல்லையும் செம்பையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். வியாபாரியைப் பிடித்து உலுக்கினேன். “எனக்கென்னம்மா தெரியும், மஞ்சளா இருந்துச்சு, சூரியன்னு சொன்னேன்” என்கிறார். எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

அறையைத் திரும்பத் திறக்கச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். கல் இல்லாமல் படுக்கவைத்துப் பேச மட்டும் செய்யலாமா என்று யோசிக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு விடையும் கிடைத்துவிடும்.

சின்னவள் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் நன்றாகவே பேசினாளாம், அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நேற்று வெயிலில் வந்தாள். வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். “வைம்மா, குடிக்கிறேன்” என்று வாங்கி மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சமையலறைக்குப் போய், வேறு டம்ளரைக் கழுவி, தானே குழாயில் பிடித்துக் குடித்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, ஒருமுறை புறப்பட்டு வா. வந்து என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடி. அவள் பார்க்கிற மாதிரி குடி.

உன்
ரேடியோ